தேய்த்தவள் முகம்

ஏங்க, ஒரு சாமான் பழசா புதுசா என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்? களிம்பை வைத்தா? உப்பும் புளியும் தடவிச் சாணிக்குள் புதைத்து வைத்தால், போன வாரம் வார்த்த குத்துவிளக்குகூடப் பாண்டியன் கல்யாணத்தில் எரிந்தது போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து வரும். எடையை வைத்தா? அடியில் ஈயத்தை ஊற்றிக் கனக்க வைக்கத் தெரியாத ஆசாமி யார் இருக்கிறான்? சத்தம் மட்டும்தான் பொய் சொல்லாது என்பார்கள், விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் பழஞ்செம்பு கோயில் மணி ஓய்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசும், புதுத் தகடு 'டப்' என்று வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அதைக் கேட்கக் காது பழக வேண்டும், காது பழக வருஷம் ஆக வேண்டும். கண்டரமங்கலத்துப் பழஞ்சாமான் தெருவுக்கு அந்தக் காதெல்லாம் வேண்டாம் என்று ஆகிப்போனது, வள்ளிமயில் ஒரு தவலையில் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு.

வள்ளிமயில் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்து முடித்தவள், எதற்கும் சிரிக்கிறவள், அழுகிற நேரத்திலும் அடுப்பில் பால் பொங்கினால் முதலில் பாலை இறக்கிவிட்டு மிச்சத்தை அழுகிறவள். அவள் புருஷன் தருமராசுக்குத் தெருவின் நடுவில் கடை. இடித்த வீடுகளின் தேக்குத் தூணும், ஓடாத கடிகாரமும், எனாமல் தூக்குச்சட்டியும், பீங்கான் ஜாடியும், ஆளுயரத்துக்குச் செம்பும் பித்தளையுமாக அடுக்கியிருக்கும் கடை. வரும் பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்து வைப்பது வள்ளிமயிலின் வேலை. ஒழுகுகிற பாத்திரத்துக்குப் பாதி விலைதானே.

அது ஆடி மாதம், அவள் வயிற்றில் பிள்ளை உதைக்கிற மாதம். தவலையில் தண்ணீரை ஊற்றி, அலை அடங்கட்டும் என்று இடுப்பில் கை வைத்து நின்றவள் குனிந்து பார்த்தால், உள்ளே காதில் பாம்படம் தொங்க ஒரு பெரிய மனுஷி அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ சாமான் பார்க்க வந்து பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்து, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்று திரும்பினால் பின்னால் ஒருவரும் இல்லை, தூண்தான் நிற்கிறது. மறுபடி பார்த்தாள். பாம்படம் ஆடியது.

"என்னங்க, இந்தத் தவலைக்குள்ள ஒரு அம்மா இருக்காக."

தருமராசு கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: "விலை கேட்டாகளா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெருவில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. தருமராசு வந்து பார்த்தான், அவனுக்கும் அதே அம்மா தெரிந்தாள். எதிர்க்கடைக்காரர் வந்து பார்த்தார், பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தன் கடையில் இருந்த கொப்பரையிலும் தண்ணீரை நிறைத்தார், அதில் மூக்கின் இருபுறமும் மூக்குத்தி போட்ட ஒருத்தி உதட்டைச் சுழித்தாள். சாயங்காலத்துக்குள் தெருக்குழாயில் தண்ணீர் தீர்ந்துபோய், லாரித் தண்ணீருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பழம்பாத்திரத்துக்குள்ளும் ஒவ்வொருத்தி. தண்ணீர் யாரைக் காட்டுகிறது என்பதுதான் கொஞ்ச நாள் புரியாமல் இருந்தது. வாங்கினவரையா, வைத்திருந்தவரையா, சீராகக் கொண்டு வந்தவளையா?

அதைப் புரியவைத்தது வடக்கு வீதிப் பெரிய வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றிவந்து, எங்கள் ஆத்தாளையும் அப்பத்தாளையும் தெருவே கும்பிடட்டும் என்று வரிசையாகத் தண்ணீர் நிறைக்கச் சொன்னார்கள். நிறைத்தார்கள். அண்டாவில், குடத்தில், தேக்சாவில், அடுக்கில், எல்லாவற்றிலும் ஒரே ஒரு பெண்பிள்ளை, காதில் ஈர்க்குச்சி, முன்பல் உடைந்தவள், எல்லாவற்றிலிருந்தும் ஒரே மாதிரி பார்த்தாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வண்டி ஓட்டி வந்த கிழவர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அட, நம்ம மூக்காயி! வீட்டுல ஏனம் தேச்ச மூக்காயில்ல இது!" என்றார். தண்ணீரைக் கொட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்தான், அதற்குப்பின் அந்த வீட்டுச் சாமான் விலைக்கு வரவே இல்லை. செத்துப்போன மூக்காயியின் மகன், லாரி ஓட்டுகிறவன், அவன் மட்டும் ரொம்ப நாள் அந்த வீட்டுக் கேட்டில் நின்று, "ஒரே ஒரு குடத்துல தண்ணி ஊத்திக் காட்டுங்க, பார்த்துட்டுப் போயிருறேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத் தெருவுக்கு ஒரு சொல் கிடைத்தது. பெற்றவளைக் காட்டாது, வாங்கியவனைக் காட்டாது, தேய்த்தவளைக் காட்டும்.

சொல் கிடைத்ததும் விலையும் கிடைத்தது. பாம்படக் காது என்றால் ஒரு விலை, தண்டட்டி என்றால் கொஞ்சம் குறைச்சல், ரவிக்கை போடாத தோள் தெரிந்தால் பழசிலும் பழசு, அதற்குக் கேட்ட விலை. நெற்றி வெறிச்சென்றிருந்தால் வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், அதற்கு இறக்கிக் கொடுக்க வேண்டும். சிரிக்கிற முகத்தை ஓட்டல்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். போனில் படம் பிடித்தால் வெறும் தண்ணீர்தான் வந்தது, அதனால் நேரில் வந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆனதில் டீக்கடைக்கும் வாழ்வு வந்தது. ஒரு வாத்தியார் தன் சம்சாரம் தேய்த்த குடத்தை ஏன் விற்றோம் என்று வந்து தேடி, கண்டுபிடித்து, விற்றதைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கிப்போய், அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு மருமகள் மாமியார் முகம் தெரிகிற குடத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவிட்டு, மேலே ஒரு தட்டை நச்சென்று போட்டு மூடினாள். எவர்சில்வருக்கு மட்டும் இந்தப் புத்தி கிடையாது, அது எவள் தேய்த்தாலும் மறந்துவிடும். வருஷக்கணக்காக ஒரே கை தேய்த்த செம்புக்கும் பித்தளைக்கும்தான் நினைப்பு உண்டு.

அப்புறம் களிம்பைச் சுரண்டிப் பார்ப்பவர் இல்லை, முட்டியால் தட்டிக் கேட்பவர் இல்லை. தண்ணீர் சொன்னால் சரி. ஆனால் அந்த முகத்தைப் படிக்க ஒரு ஆள் வேண்டுமே? காதில் இருக்கிற கொப்பு எந்தப் பக்கத்து வழக்கம், முடியை அள்ளிச் செருகியிருப்பது எந்தக் காலத்து மோஸ்தர், கண்ணுக்குக் கீழே இருப்பது பச்சை குத்தியதா, அழுக்கா? அதற்கு வள்ளிமயிலை விட்டால் ஆள் இல்லை. ஒருத்தி முகத்தைப் பார்த்ததும் அவள் எந்த ஊர் அடுப்படியில் நின்றவள் என்று சொல்லிவிடுவாள். கடைக்காரர்கள் எல்லாரும் கூடி, இனி வள்ளிமயில் பார்த்துச் சொன்னதுதான் விலை, அதற்கு மேல் பேச்சில்லை என்று கோயில் வாசலில் வைத்து முடிவு செய்தார்கள். அவள் குனிந்து பார்ப்பாள், நிமிர்ந்து சொல்வாள், தெரு தலையாட்டும். உள்ளே வேற்று முகம் எதுவும் இல்லாமல் தன் முகமே தெரிந்தால் அந்தச் சாமான் புதுசு. "தன் முகம் தெரிஞ்சா தகரக்கடைக்கு" என்று தருமராசு அதற்கும் ஒரு சொல் கட்டினான், தெரு அதையும் பிடித்துக்கொண்டது. சாமான் எப்போது தெருவுக்கு வருகிறது? தேய்த்த ஆள் செத்த பிறகுதானே? அதனால் தண்ணீருக்குள் உயிரோடு இருக்கிறவள் முகம் வருமா என்ற கேள்வியே அங்கே ஒருவருக்கும் எழவில்லை.

இத்தனை ஊரார் முகத்தைப் பார்த்தவளுக்கு ஒரே ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவள் அம்மா முகம்.

அம்மா மாரிக்கண்ணு, வள்ளிமயிலின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் செத்துப்போனாள். படம் கிடையாது. இருக்கிற ஒரே படம் ஓட்டு அட்டையில், அதுவும் கரியை அப்பியது போல, அது அம்மாவா இல்லை எதிர்க்கட்சியா என்று சொல்ல முடியாது. அம்மாவின் பிழைப்பு ஊரார் நெல்லை அவித்துக் கொடுப்பது. அதற்கு ஒரு செம்பு அண்டா, அவள் தன் பிறந்த வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது, ரெண்டு ஆள் தூக்க வேண்டிய அண்டா. சாகிறதுக்கு முன்னால் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வீடு மாயழகுக்கு, அண்டா வள்ளிக்கு." மாயழகு வள்ளிமயிலின் அண்ணன். கல்யாணத்தின்போது கேட்டதற்கு, பரணில் கிடக்கிறது, இறக்க ஆள் இல்லை என்றான். தண்ணீருக்குள் முகம் தெரிய ஆரம்பித்த பிறகு அவள் கேட்காத நாள் இல்லை. ஆள் விட்டுக் கேட்டாள், போனில் கேட்டாள், பிள்ளையைப் பெற்றுப் படுத்துக்கொண்டும் கேட்டாள். "அண்ணே, எனக்கு நகை வேணாம், சீலை வேணாம், பாப்பா காதுகுத்துக்குச் சீரும் வேணாம். அந்த அண்டாவை மட்டும் கொண்டா. அம்மாவை ஒரு தரம் பார்த்துக்கிறேன்."

பிள்ளைக்கு நிறைமதி என்று பெயர். தவழ்ந்து, எழுந்து, விழுந்து, பேச்சு வரத் தொடங்கியிருந்தது. கடையில் கிடந்த ரசம் போன கண்ணாடியில் காட்டி, "இது யாரு? பாப்பா! இது யாரு? அம்மா!" என்று வள்ளிமயில் சொல்லிக் கொடுத்திருந்தாள். நிறைமதிக்கு வாயில் இருந்த மொத்தச் சொத்து அந்த ரெண்டு சொல்லும்தான், அவற்றை மாற்றி மட்டும் சொல்ல மாட்டாள்.

காதுகுத்துக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், தெரு நிறைய ஆள் இருக்கும்போது மாயழகு அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினான். புளி போட்டு விளக்கி, உள்ளும் புறமும் தகதகவென்று, பழைய கைப்பிடியைக் கழற்றி வேறு மாட்டி, புதுப்பெண்ணைப் போல அலங்காரமாக இருந்தது அண்டா.

"என்னண்ணே, அடையாளமே தெரியல?"

"கரி அப்பிக் கெடந்துச்சு ஆத்தா. அப்படியே கொண்டாந்தா தங்கச்சி என்ன நெனைக்கும்னு உங்க தெரு ராக்காயிகிட்டக் குடுத்து விளக்கினேன். கைப்புடி ஒடஞ்சிருந்துச்சு, மாத்தியாச்சு. ஆனா அண்டா அதேதான். அம்மா மேல சத்தியம்."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய மோசம்.

தண்ணீர் நிறைத்தார்கள். வள்ளிமயில் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், நெற்றிப்பொட்டைச் சரிசெய்துகொண்டாள், ரொம்ப நாள் கழித்து அம்மா பார்க்கப் போகிறாள் அல்லவா, பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். அலை அடங்குகிற வரை கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து குனிந்தாள்.

வள்ளிமயில் தெரிந்தாள்.

வேறு பக்கம் போய் நின்று குனிந்தாள். அங்கேயும் அதே ஒட்டுப்பொட்டு, அதே கவரிங் தோடு, அழப்போகிற அதே முகம். இத்தனை நாளில் ஆயிரம் பேர் முகத்தைத் தேதி போட்டுச் சொன்னவளுக்கு அந்த முகத்துக்கு அர்த்தம் ஒன்றுதான் தெரிந்தது.

"இது புதுசு."

"நல்லாப் பாரு வள்ளி," என்றான் மாயழகு. "சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்னத்தண்ணே நல்லாப் பாக்க? என் மூஞ்சிதான் தெரியுது. தன் முகம் தெரிஞ்சா என்னன்னு தெருவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அம்மா அண்டாவை வித்துத் தின்னுட்டு, பட்டறையில ஒண்ணைத் தட்டிக்கிட்டு வந்து செத்தவ மேல சத்தியம் வேற பண்ற! உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"அப்ப இது உனக்கு வேணாமா?"

"வேணாம்!"

"தெருவறியச் சொல்லு. நாளைக்கு, அண்ணன் அண்டாவைக் குடுக்கலன்னு சொல்லக் கூடாது."

"வேணாம் வேணாம் வேணாம். தகரக்கடையில போட்டு வர்ற காசுல உன் மகளுக்கு வளையல் வாங்கிக் குடு."

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க்கடைக்காரர் துண்டால் கடிகாரத்தைத் துடைத்தார், அது ஏற்கெனவே துடைத்த கடிகாரம். பாத்திரம் விளக்கிப் பிழைக்கிற ராக்காயி, புளி ஏறிக் கறுத்த கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு தூணைப் பார்த்தாள். தருமராசு பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "விடு புள்ள, கூடப் பொறந்தவன்னா அப்படித்தான்" என்றான். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

காதுகுத்து நடந்தது. தாய்மாமன் மடி இல்லாமல், பெரியப்பா முறை ஒருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். நிறைமதி ஊரைக் கூட்டினாள், வள்ளிமயில் அவளுக்குச் சர்க்கரையை ஊட்டிக்கொண்டே தானும் ஒரு மூச்சு அழுதாள், எதற்கென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கடையைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் நிறைத்தாள். அண்ணன் ஏமாற்றிவிட்டான், புருஷன் இருக்கிறான், தெரு இருக்கிறது, தன் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. மனசைக் கட்டிப்போட இது போதும் என்று இருந்தாள்.

கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு, விலை பேசி முடித்த சாமான் வண்டி வரும் வரை அங்கே இருக்கும். மலைமேல் புதிதாகக் கட்டிய ஓட்டலுக்குச் சாமான் எடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு நாள் தருமராசு காலையிலிருந்து பரபரவென்று இருந்தான். கொட்டகைக்குத் தானே தண்ணீர் தூக்கினான். "நீ வர வேணாம், புள்ளைய வச்சுக்கிட்டு வழுக்கி விழுந்துறாத" என்றான். பாருங்கள், எவ்வளவு அக்கறை! ஆனால் கதவுக்குக் கீழே நுழைகிற வயதில் ஒரு பிள்ளை இருக்கும்போது யார் எந்தக் கதவைச் சாத்தி என்ன?

இட்டிலியைப் பிய்த்து வாயில் வைப்பதற்குள் நிறைமதி கொட்டகைக்குள் போய்விட்டாள். வள்ளிமயில் கிண்ணத்தோடு துரத்திக்கொண்டு வந்து கதவைத் தள்ளித் திறந்தவள், பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்க்கலாமே என்று நிலையில் சாய்ந்து நின்றாள். வரிசையாகத் தண்ணீர் நிறைத்த பாத்திரங்கள். நிறைமதி முதலில் ஒரு குட்டை அடுக்கின் விளிம்பைப் பிடித்து எழுந்து எட்டிப்பார்த்தாள், அதில் இருந்த பாம்படக்காரியைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு நகர்ந்தாள். அடுத்தது, தட்டிய சூடு ஆறாத புது அடுக்கு. எட்டிப்பார்த்து, "பாப்பா" என்று சிரித்தாள். வள்ளிமயிலும் சிரித்தாள். மூன்றாவது, ஒரு பெரிய அண்டா, மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் தொற்றி ஏறி, விளிம்பில் மோவாயை வைத்துப் பார்த்த நிறைமதி, ரெண்டு கையாலும் தண்ணீரைத் தட்டினாள்.

"அம்மா!"

"இங்கதான்டி இருக்கேன், தண்ணில கைய வைக்காத."

பிள்ளை திரும்பவில்லை. "அம்மா," என்று தண்ணீருக்குள் கையை நீட்டினாள். "அம்மா. அம்மா." அலை அடங்க அடங்க இன்னும் குனிந்து, உதட்டைக் குவித்துத் தண்ணீருக்கு முத்தம் கொடுத்தாள்.

வள்ளிமயில் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் நின்ற இடம் வாசல், அவள் நிழல்கூட அண்டா வரை எட்டாது. அவள் பெற்ற பிள்ளை பாப்பாவை அம்மா என்று சொல்லாது, அம்மாவைப் பாப்பா என்று சொல்லாது. பக்கத்தில் போனாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சேர்ந்து குனிந்தாள். கண்ணாடியாக இருந்தால் ரெண்டு முகம் தெரிய வேண்டும். ஒரு முகம்தான் தெரிந்தது. அவளுடையது. இடுப்பில் இருந்த பிள்ளைக்குத் தண்ணீருக்குள் இடமே இல்லை.

எத்தனையோ நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் விரலை மடக்கி, முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தச் சத்தம் ஓயவே இல்லை. அது இழுத்துக்கொண்டு போய் அவளை ஒரு முற்றத்தில் விட்டது. நெல்லைக் கொட்டிக் காயப்போட்டுவிட்டு அம்மா அடுத்த வீட்டு மூட்டைக்குப் போயிருக்கிறாள், போகும்போது காலி அண்டாவில் இப்படித்தான் ஒரு தட்டுத் தட்டி, "ஏறுடி குதிரை" என்பாள். கை அடி வரைக்கும் எட்டாத சின்னப் பிள்ளை, பாவாடையைச் செருகிக்கொண்டு அண்டாவுக்குள் குதித்து, சாம்பலையும் புளியையும் குதிகாலால் மிதித்து மிதித்து, சுற்றிச் சுற்றி, பாட்டுப் பாடிக்கொண்டு ஆடுவாள்; ஆடி முடித்து வெளியே வரும்போது அண்டா உள்ளே தங்கமாக இருக்கும். தினமும் அப்படித்தான். மழைநாளிலும் பரீட்சை நாளிலும் அப்படித்தான், தாவணி போட்ட பிறகு குனிந்து கையால். அதை அவள் ஒரு நாளும் வேலை என்று நினைத்தது கிடையாது, விளையாட்டு என்றே நினைத்திருந்தாள். அம்மா அந்த அண்டாவில் நெல் அவித்தாள், ஊருக்குச் சோறு போட்டாள், மகளை ஆளாக்கினாள். மகளுக்கு நினைவு தெரிந்து ஒரு நாளும் அதைத் தேய்க்கவில்லை. தேய்த்தவள் வள்ளிமயில். அம்மா முகம் அதில் எப்போதுமே இருந்ததில்லை.

பெற்றவளைக் காட்டாது, வாங்கியவனைக் காட்டாது.

கொட்டகைக்குப் பின்பக்கம் ராக்காயி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வள்ளிமயில் கூப்பிட்டாள். "ராக்காயிக்கா, இங்க வா. இதுல என்ன தெரியுது சொல்லு."

ராக்காயி வந்தாள். அண்டாவைப் பார்த்தாள், குனியவில்லை.

"ஏன்க்கா குனிய மாட்டேங்குற?"

"எனக்கு இடுப்பு வலி ஆத்தா."

"நீதான விளக்குன? விளக்கி முடிச்சுத் தண்ணி ஊத்தி அலசியிருப்பியே. என்ன தெரிஞ்சுச்சு?"

ராக்காயி கீழே உட்கார்ந்துவிட்டாள். "நீதான் தெரிஞ்ச. உள்ள இருந்து என்னையப் பார்த்துச் சிரிச்ச. நான் பயந்துபோய் உன் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரியும். உங்கண்ணன் வீட்டுக்கு விருந்துக்குப் போனப்பவே பார்த்துட்டாராம். ரெண்டு பேருமாப் பேசி வச்சதுதான். அவ கேட்டுக்கிட்டே இருக்கா, குடுத்துட்டா வீட்டுல வச்சுக்கும்பா, விக்க விட மாட்டா, அவ வாயாலயே வேணாம்னு சொல்ல வச்சுருவோம்னு. மலைமேல ஓட்டலுக்குப் பேசியாச்சு. ஆளுக்குப் பாதி."

"தெருவுல வேற யாரு பார்த்தா?"

"யாரு பாக்கல? அன்னைக்கு உன்னையச் சுத்தி நின்ன அத்தனை பேருக்கும் உன் மூஞ்சிதான தெரிஞ்சுச்சு. நீ குனிஞ்சு பார்த்ததுனால உனக்குக் கண்ணாடியாத் தெரிஞ்சுச்சு, எங்களுக்கு அப்படியா?" ராக்காயி மூக்கைச் சிந்தினாள். "எதிர்க்கடை அண்ணன் சொல்லத்தான் வாயெடுத்தாரு. வள்ளி ஒண்ணைத் தப்பாச் சொல்லிட்டான்னு வெளிய தெரிஞ்சா, இதுவரைக்கும் அவ சொல்லி வித்ததெல்லாம் திரும்பி வரும், தெருவே படுத்துரும்னு சொல்லி அவரையும் உக்கார வச்சுட்டாக. உன் மதிப்பக் காப்பாத்தத்தான் ஆத்தா எல்லாரும் வாயை மூடினோம்."

"என் மதிப்பா!" என்றாள் வள்ளிமயில். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எதற்கும் சிரிக்கிறவள்தானே, ஆனால் இந்தச் சிரிப்பைக் கேட்டு நிறைமதி அழ ஆரம்பித்தாள். அண்ணனைத் திருடன் என்று சொன்னாளே, அவன் அண்டாவை மாற்றவே இல்லை. சத்தியத்தைப் பொய் என்றாளே, அது நிஜம். ஆறுதல் சொன்ன கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாளே, அந்தக் கைதான் இது. பூட்டை உடைத்து எடுத்திருந்தால் போகட்டும் என்று விடலாம். அவள் பார்வையையே சாவியாக்கித் திறந்திருக்கிறார்கள்.

பிள்ளை அழுததால் முதலில் பிள்ளையைத் தேற்றினாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த இட்டிலியை ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது, ஓட்டல்காரர்கள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று கேட்கிற சத்தம் கேட்டது, தருமராசு, "வாங்க சார், வாங்க சார்" என்று முன்னால் நடந்து வந்தான். பின்னால் மாயழகு. எதிர்க்கடைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்கத் தொடர்ந்து வந்தார்கள்.

கொட்டகை வாசலில் மனைவியைப் பார்த்ததும் தருமராசு நின்றான். அண்டாவைப் பார்த்தான், முக்காலியைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்திருந்த ராக்காயியைப் பார்த்தான்.

"நீ எதுக்குப் புள்ள இங்க? வீட்டுக்குப் போ. சார், இவதான் எங்க வள்ளிமயில், இவ சொன்னா மறுபேச்சுக் கிடையாது."

"அப்படியா?" என்றார் ஓட்டல்காரர், பெரிய மனுஷர். "இந்த அண்டாவைப் பத்தி நீங்க என்னம்மா சொன்னீங்க?"

பழசு என்று அவள் இப்போது சொன்னால் அவள் சொல் தவறியது தெரியும், தெரு படுக்கும். புதுசு என்றால் ஓட்டல்காரர் திரும்பிப் போவார், அண்டா நிஜமாகவே தகரக்கடைக்குப் போகும்.

"நான் ஏற்கெனவே ஒரு தரம் சொல்லிட்டேங்க," என்றாள் வள்ளிமயில். குரலில் ஒரு பிசிறு இல்லை. "எனக்கு இதுல பார்க்கத் தெரியல. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுது."

பிள்ளை சிந்திவிட்ட அளவுக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றி அண்டாவை விளிம்பு வரை நிறைத்தாள். அலை அடங்கக் காத்திருந்தாள். புருஷனின் கையைப் பிடித்து, ஆறுதல் என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டு தூங்கிய அதே கையை, மெல்ல இழுத்து வந்து அண்டாவின் பக்கத்தில் நிறுத்தினாள். தான் தள்ளிப் போய், தண்ணீருக்கு எட்டாத தூரத்தில், நிலையோடு நிலையாக நின்றுகொண்டு, பிள்ளையை நன்றாகத் தெரியும்படி தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"என்னங்க, குனிஞ்சு பாருங்க. உள்ள யாரு இருக்கான்னு, நம்ம பாப்பாவுக்குக் கேக்குற மாதிரி கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."